கூடி வாசிப்பது வீண்பொழுதா?

நம் பங்குகளில் சபைகளுக்குக் குறைவில்லை. மரியாயின் சேனை உண்டு. வின்சென்ட் தே பவுல் சபை உண்டு. பாடகர் குழு, பீடச் சிறுவர் குழு, இளைஞர் இயக்கம், மகளிர் பணிக்குழு, அன்பியங்கள் என்று வரிசை நீளும். இத்தனையுள் ஒன்றிலேனும் நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, ஒரு நல்ல கதையையோ செய்யுளையோ வாய்விட்டு வாசித்து, அதன் சுவையில் ஒருமணி நேரம் தோய்ந்திருந்து, எந்தத் தீர்மானமும் நிறைவேற்றாமல் எழுந்து போவதுண்டா? இல்லை என்பதே என் அறிவுக்கு எட்டிய விடை. அப்படியொன்று இல்லாததை நாம் குறையாகவே உணரவில்லை என்பதுதான் என்னை எழுதத் தூண்டியது.

"ஏன், எங்கள் பங்கில் இலக்கிய மன்றம் இருக்கிறதே!" என்று சிலர் எழுந்து நிற்பர். அத்தகைய மன்றங்கள் சிலவற்றை நானும் அறிவேன். ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் திருவிழாக் கொடியேற்றத்திற்கும் தேர்ப்பவனிக்கும் இடைப்பட்ட ஓர் இரவில், அவை உயிர்பெறும். இறைவேண்டல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை. முன்னிலை வகிப்போர் அறுவர். வாழ்த்துரை வழங்குவோர் எண்மர். ஒவ்வொருவர்க்கும் ஒரு பொன்னாடை. அப்படியொரு மேடையில், நூல் வெளியீட்டு விழாவொன்றில், வெளியிடப்பட்ட நூலிலிருந்து ஒரு வரிகூட வாசிக்கப்படாமலே மூன்று மணி நேரம் கழிந்ததைக் கண்டிருக்கிறேன். நூலாசிரியர் ஏற்புரைக்கு எழுந்தபோது ஒலிபெருக்கிக்காரர் கம்பிகளைச் சுருட்டத் தொடங்கியிருந்தார். இதற்கு இலக்கிய மன்றம் என்று பெயர் சூட்டுவது, கொட்டகை போட்டவனைச் சமையற்காரன் என்று அழைப்பது போன்றது.

பட்டிமன்றங்களை நான் பழிக்கவில்லை. பட்டிமண்டபம் என்னும் சொல் மணிமேகலைக் காலத்தது. காரைக்குடியில் 1939இல் சா. கணேசன் நிறுவிய கம்பன் கழகத்தின் மேடையில் அது மெய்யான புலமைப் போராகவே நிகழ்ந்திருக்கிறது. ஆயினும் பட்டிமன்றம் நம்மை ஒரு பழக்கத்துக்கு ஆளாக்கிவிட்டது. இலக்கியத்தைக் கண்டதும் நாம் நீதிமன்றம் கூட்டிவிடுகிறோம். கண்ணகியா மாதவியா, கர்ணனா கும்பகருணனா என்று வழக்குத் தொடுத்து, நடுவரிடம் தீர்ப்பு வாங்கி, சுவைஞர் என்ற நிலையை இழந்து கட்சிக்காரர்களாக வீடு திரும்புகிறோம். கும்பகருணனைக் குறித்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அவன் தம்பியோடு பேசும் இடத்தை ஒருவர் நன்றாக வாசிக்க, மற்றவர்கள் மூச்சடங்கக் கேட்டிருந்தால் போதும்.

ஆகவே என் வேண்டுகோள் மிக எளியது. உங்கள் ஊரிலே, கிளை நூலகத்திலோ பள்ளிக்கூடத்திலோ யாரேனும் ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ, ஒரு வாசகர் வட்டம் நடைபெறுமாயின் அதில் சேருங்கள். தலைவராக வேண்டாம், சிறப்பு விருந்தினராக வேண்டாம், திருச்சபையின் பேராளராகவும் வேண்டாம். பாயில் உட்கார்ந்து கேட்கும் ஓர் உறுப்பினராகச் சேருங்கள். மகிழ்ச்சிக்காகச் சேருங்கள். இந்தக் கடைசிச் சொல்லில்தான் சண்டையே தொடங்குகிறது.

மகிழ்ச்சிக்கென்று வாசிப்பது பக்தனுக்கு அடாது என்று கருதுவோர் இன்றும் நம்மிடையே உளர். மறைநூலை வாசிக்கவே பொழுது போதாதபோது கதையும் கவிதையும் எதற்கு என்று அவர்கள் கேட்பர். அவர்களுள் சற்றே கற்றவர் புனித அகுஸ்தினாரைத் துணைக்கு அழைப்பர். தீதோ அரசி காதலால் மடிந்ததைப் படித்து அழுத தாம், இறைவனை விட்டு விலகிய தம் ஆன்மாவுக்காக அழவில்லையே என்று அவர் 'ஒப்புரைகள்' நூலின் முதற்பகுதியில் வருந்துவது உண்மை. ஆனால் அந்நூலை முதற்பகுதியோடு மூடிவிடுவது எவ்வகை நேர்மை? நான்காம் பகுதியில், உயிர் நண்பனைச் சாவுக்குக் கொடுத்துத் துடித்த அகுஸ்தினார் கார்த்தேசு நகரில் மெல்ல மெல்ல ஆறுதல் பெற்ற வகையைச் சொல்கிறார். நண்பரோடு சேர்ந்து உரையாடியதும், சிரித்ததும், இனிய நூல்களைக் கூடி வாசித்ததும், பகையின்றிக் கருத்து மாறுபட்டதும் அங்கே வரிசையாக வருகின்றன. ஆயராகி, வயது முதிர்ந்து, தம் இளமையைக் கடுமையாக எடைபோட்டு எழுதும்போதும் அந்த வாசிப்பை அவர் குற்றப் பட்டியலில் சேர்க்கவில்லை. நண்பரை இறைவனில் நேசிக்கவேண்டும் என்று மட்டுமே சொல்லி அமைகிறார்.

புனித தோமா அக்குவினார் இன்னும் ஒருபடி மேலே போகிறார். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் அளவோடு திளைப்பது ஒரு நற்பண்பு என்றும், தானும் மகிழாமல் பிறர் மகிழ்ச்சிக்கும் பாரமாயிருப்பது ஒரு குற்றம் என்றும் தம் இறையியல் தொகுப்பில் வாதிடுகிறார். எப்போதும் நாணேற்றியே வைத்த வில் முறிந்துபோகும் என்னும் பழங்கதையை அவ்விடத்தில் அவர் நற்செய்தியாளர் யோவானின் பெயரோடு எடுத்தாள்வார். நம் பங்குகளில் நாணேற்றியே வைக்கப்பட்ட விற்கள் எத்தனை என்று எண்ணிப் பார்க்க எனக்கு அச்சமாயிருக்கிறது.

இவ்வளவு தொலைவு போவானேன்? ஏலாக்குறிச்சியிலே அடைக்கல அன்னைக்குக் கோயில் கண்டு, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், பரமார்த்த குருவையும் அவருடைய மூடச் சீடர் ஐவரையும் படைத்து நம்மைச் சிரிக்க வைத்தவர் அல்லரோ? தவமும் துறவும் அவருக்கு இருந்த அளவுக்கு இவர்களுக்கு இருக்கிறதா? தமிழின் முதற் புதினத்தை 1879இல் அச்சேற்றிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை நம்மவர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமை கொள்ளாத கத்தோலிக்க மேடை இல்லை. அந்த மேடைகளில் வீற்றிருப்போருள் பிரதாப முதலியார் சரித்திரத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தோர் கையுயர்த்தலாம் என்றால் எத்தனை கைகள் உயரும்? படித்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். சிரித்திருந்தால் அவர் பெயரை இத்தனை இறுக்கமான முகத்தோடு உச்சரிக்கமாட்டார்கள்.

பக்தர்களோடு வழக்காடுவது எளிது. பயன்வாதிகளோடு வழக்காடுவதே கடினம். ஏனெனில் அவர்கள் நல்லவர்கள். இலக்கியம் சமுதாய மாற்றத்துக்குக் கருவியாக வேண்டும், ஒடுக்கப்பட்டோர் குரலாக வேண்டும், இறையாட்சி விழுமியங்களைப் பரப்ப வேண்டும் என்பர். வேண்டாமென்று யார் சொன்னது? ஆனால் ஒரு சிறுகதையை வாசித்து முடித்த மறுகணமே "இதில் வரும் கருத்து என்ன? நாம் எடுக்கும் உறுதிமொழி என்ன?" என்று கேட்கும் கருத்தரங்குகளில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மூவர் மூவராகக் குழுக்களாகப் பிரித்து, ஆளுக்கொரு வண்ணத்தாள் கொடுத்து, கதையிலிருந்து பிழிந்தெடுத்த கருத்தை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வர். கரும்பைப் பிழிந்து சாறெடுப்பது நியாயம். மல்லிகையைப் பிழிந்தால் என்ன கிடைக்கும்?

திருச்சபை 1559இல் தொடங்கிய தடைநூற் பட்டியலை 1966இல் கைவிட்டது. நம் மனத்துக்குள் இருக்கும் பட்டியலோ இன்னும் செல்லுபடியாகிக்கொண்டிருக்கிறது. முன்பு "இதனால் கேடு வருமா?" என்று கேட்டோம், இப்போது "இதனால் பயன் வருமா?" என்று கேட்கிறோம். வாசலில் நின்று நூலை நிறுத்திச் சோதிக்கும் காவலன் சட்டையை மாற்றிக்கொண்டான்; வேலையை விடவில்லை.

இக்காவலனை அனுப்பிவிடும்படி நமக்குச் சொன்னவர் ஒரு திருத்தந்தையே. பிரான்சிஸ் அவர்கள் 2024ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாளிட்டு, உருவாக்கத்தில் இலக்கியத்தின் பங்கு குறித்து மடல் ஒன்றை வரைந்தார். குருமாணவர்க்கென எழுதத் தொடங்கியதை எல்லாக் கிறிஸ்தவர்க்கும் உரியதென விரித்தார். கடமைக்காக, பிறர் இன்றியமையாதது என்று சொன்னார்கள் என்பதற்காக ஒரு நூலை வருந்திப் படிப்பதைப்போல எதிர்விளைவு தருவது வேறில்லை என்று அதில் அவர் கூறுகிறார். தம் அனுபவத்தையும் சொல்கிறார். 1964-65இல் சாந்தா ஃபே நகரில் இயேசு சபைப் பள்ளியொன்றில் அவர் இலக்கிய ஆசிரியர். பாடத்திட்டத்தில் இருந்தது 'எல் சித்' என்னும் பழங்காப்பியம். மாணவர்க்கோ லோர்க்காவின் எழுத்தின்மேல் ஆசை. காப்பியத்தை வீட்டில் படித்துக்கொள்ளுங்கள், வகுப்பில் உங்களுக்குப் பிடித்ததைப் பேசுவோம் என்று அவர் இணங்கிவிட்டார். இருபத்தெட்டு வயது இளந்துறவி ஒருவர் அன்று செய்யத் துணிந்ததை, அறுபது வயது நிரம்பிய நம் மன்றச் செயலாளர்கள் இன்றும் செய்யத் துணியவில்லை. அவர் 2025இல் இறைவனடி சேர்ந்தபோது நம் இதழ்கள் யாவும் அவருடைய எளிமையைப் புகழ்ந்தன. அம்மடலை எத்தனை பங்குகளில் எடுத்து வாசித்தோம்?

சுவை என்பது தனக்குத்தானே நியாயம் என்று நான் சொல்வதைச் சிலர் பொறுப்பற்ற பேச்சு என்பர். சுவை எதையும் செய்யாது என்று நான் சொல்லவில்லை. அது செய்வதை முன்கூட்டியே திட்டமிட முடியாது என்கிறேன். நான் போய்வரும் வாசகர் வட்டம் ஒரு கிளை நூலகத்தின் பின்னறையில் கூடுகிறது; பன்னிரண்டு பேர் வந்தால் கூட்டம் அதிகம். அங்கே ஒரு மாலை புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர் ஒருவர் வாசித்தார். மனிதராக வந்த கடவுளிடமே கந்தசாமிப் பிள்ளை தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஜீவிய சந்தா கேட்கும் இடத்தில் எழுந்த சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. அக்கதையை நான் அதற்குமுன் மூன்று முறையேனும் தனியே படித்திருப்பேன். இதழோரத்தில் புன்னகை வந்திருக்கும், அவ்வளவே. பலரோடு சேர்ந்து சிரித்தபோதுதான் அதன் பின்னே இருந்த துயரமும் புலப்பட்டது. கடவுள் கூத்தாடிக் காட்டியும் இவ்வுலகில் பிழைக்க வழி கிடைக்காத கட்டம் வந்தபோது அறையில் பேச்சில்லை. நாள்தோறும் திருநீறணிந்து தேவாரம் ஓதும் முதியவர் ஒருவர் சற்றுப் பொறுத்து, "நாம அவரை ஆடச் சொல்லிக் கும்பிடுவோம், வாசல்ல வந்து நின்னா யாருய்யா நீன்னு கேப்போம்" என்றார். தம் சொந்த மக்களிடம் வந்தும் ஏற்றுக்கொள்ளப்படாதவரைக் குறித்து யோவான் நற்செய்தியின் தொடக்கத்தில் எத்தனை கிறிஸ்து பிறப்பு விழாக்களில் கேட்டிருக்கிறேன்! அது காதில் விழுந்த கணம் எனக்கு அந்த நூலக அறையில்தான் வாய்த்தது. இதை எந்த வண்ணத்தாளில் எழுதி எந்தச் சுவரில் ஒட்டுவது?

இனி மூன்றாவது வகையினர். "வாசிக்கட்டும், நல்லதுதான். ஆனால் நாமே நமக்குள் ஒரு வட்டம் வைத்துக்கொள்வோமே, வெளியே எதற்கு?" என்பது இவர்கள் வாதம். பணிவாகத் தோன்றும் இந்த வாதமே எல்லாவற்றிலும் கேடானது என்பேன். தமிழில் வாசிப்பு வளர்ந்த வழியே இதற்கு மாறானது. 1880ஆம் ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பொருளறிந்து கற்கும் வழி தேடிய உ. வே. சாமிநாதையர், கும்பகோணத்துச் சமணர் இல்லத்துக்குப் போய், அவர்கள் அந்நூலைப் பக்தியோடு ஓதிவருவதைக் கண்டு வியந்து, அவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தெளிந்தார். சைவ மரபில் வந்தவர் சமணர் வீட்டில் மாணவராய் அமர்ந்ததன் பயனாகவே 1887இல் சிந்தாமணி அச்சேறியது. நாமே நமக்குள் என்று அவர் இருந்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாயிருந்த மு. மு. இஸ்மாயில் இஸ்லாமியர், சென்னைக் கம்பன் கழகத்தைக் கட்டியெழுப்பியவர் அவரே. இராமகாதையைச் சுவைத்ததால் அவருடைய தொழுகை குறைந்துவிடவில்லை.

நம் முன்னோரும் ஒதுங்கி வாழ்ந்தவர் அல்லர். என்றிக்கே என்றிக்கசு அடிகளார் 1578இல் கொல்லத்தில் அச்சிட்ட பதினாறு பக்கத் 'தம்பிரான் வணக்கம்' முத்துக்குளித்துறை மக்களுக்கென்று பிறந்த நூல். எழுத்தறிந்தோர் மிகச் சிலரான அக்காலத்தில் ஒருவர் வாசிக்கப் பலர் கேட்டே அது பரவியிருக்க வேண்டும். இலங்கையில் பணியாற்றிய யாக்கோமே கொன்சால்வசு அடிகளாரின் வியாகுலப் பிரசங்கம் தவக்காலந்தோறும் இராகத்தோடு வாசிக்கப்பட்டு, கேட்டோர் கண்ணீர் விட்ட நூல். அதே யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களில் ஒருவர் பாட்டை வாசிக்க இன்னொருவர் பயன் சொல்லும் புராண படனம் நடந்துவந்தது. மண் ஒன்று, வழக்கம் ஒன்று. வாய்மூடித் தனியே வாசிப்பதுதான் நமக்குப் புதிது. கூடி வாசிப்பது பழையது.

அருட்தந்தை தனிநாயகம் அடிகளாரை எண்ணிப் பாருங்கள். ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913இல் பிறந்து, உரோமையில் இறையியல் கற்று, 1938இல் குருவானவர். வடக்கன்குளத்துப் பள்ளியில் பணியாற்றும்போது, தம் தமிழ் போதாதென்று உணர்ந்து, பண்டிதர் ஒருவரிடம் பாடம் கேட்டார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மாணவராகச் சேர்ந்தார். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகம் கண்டார். 1952இல் 'தமிழ்க் கல்ச்சர்' ஆங்கில இதழ். 1964இல் தில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. நாம் 1966ஐ மட்டும் நினைவில் வைத்துச் சிலை எடுக்கிறோம், மலர் வெளியிடுகிறோம். 1948ஐ மறந்துவிட்டோம். உலக மாநாட்டுக்குப் போன அந்தப் பாதை ஒரு துறைமுக ஊரின் சிறு கழகத்தின் வழியாகவே போயிற்று. அதற்கும் முன்னே ஒரு பண்டிதரின் காலடி வழியாக.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். வெளி வட்டத்துக்குப் போங்கள் என்றதும் நம்மவர் சிலர் கண்கள் ஒளிர்வதை நான் அறிவேன். அங்கே நற்செய்திப் பணிக்கு வாய்ப்புண்டு என்று கணக்கிடுவர். திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் எத்தியோப்பிய அரச அலுவலர் தேரில் இருந்தபடி எசாயாவை வாய்விட்டு வாசிக்கக் கேட்டு, பிலிப்பு ஓடிச்சென்று பேச்சுக் கொடுக்கவில்லையா என்பர். கொடுத்தார். ஆனால் கவனியுங்கள்: பிலிப்பு அவரைத் தம் இடத்துக்கு அழைக்கவில்லை. அந்த மனிதர் அழைக்க, அவருடைய தேரில் ஏறி, அவர் விரித்து வைத்திருந்த சுருளை, அவர் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து, அவரோடு சேர்ந்து நோக்கினார். கேட்ட கேள்விக்கு விடை சொன்னார். வாசகர் வட்டத்துக்கு ஆள்பிடிக்கப் போகிறவர் போகாமலிருப்பதே திருச்சபைக்கு நன்மை. புதுமைப்பித்தனை வாசிக்க வந்தவன் புதுமைப்பித்தனை வாசிக்க வேண்டும். நாட்டிலே ஒரு மதத்தார் இன்னொரு மதத்தாரை ஐயத்தோடு நோக்கும் இந்நாளில், எந்த உள்நோக்கமும் இல்லாமல் ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரே பக்கத்தைப் புரட்டுவதற்கு மிஞ்சிய இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்றைக் கெடுத்துவிட வேண்டாம்.

வாசகர் வட்டங்களைப் பொற்காலச் சித்திரமாக்கவும் எனக்கு விருப்பமில்லை. 1920களில் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் இல்லத்து முற்றத்தில் கூடிய வட்டத்தொட்டி புகழ்பெற்றது. ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அழுத்த வேண்டிய சொல்லை அழுத்தி, கேட்பவர் நாவில் அதன் சுவை ஏறும்வரை விடாதவர் டி. கே. சி. (கம்பன் பாட்டு தமக்குப் பிடித்த ஓசையில் அமையாதபோது அதை இடைச்செருகல் என்று தள்ளிவிடும் துணிவும் அவருக்கு இருந்தது, அதை நான் ஏற்பதில்லை. அளவுகடந்த காதலின் குற்றம் அது.) ஆயினும் அந்த வட்டம் பெரும்பாலும் வழக்கறிஞர், அலுவலர், பேராசிரியர் ஆகியோரின் வட்டம், ஆடவர் வட்டம். இன்றும் ஊர்ப்புற வட்டங்கள் பலவற்றில் அதே குறை நீடிக்கிறது. மாலை ஆறரைக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று வருந்துவதில் பொருளில்லை. அடுப்பங்கரையில் அந்நேரம் யார் நிற்பது என்று வருந்துகிறவரே சொல்லட்டும். ஒரே தெருவாரும் ஒரே சாதியாரும் மட்டும் கூடும் வட்டம் எத்தனை காப்பியம் வாசித்தாலும் கிணற்றுக்குள்ளேதான் வாசிக்கிறது. இக்குறைகளைச் சுட்டிக்காட்டி ஒதுங்கி நிற்பதைவிட உள்ளே போய் நேரத்தையும் இடத்தையும் மாற்றச் சொல்வது மேல். அன்பியக் கூட்டங்களை வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு மாற்றி நடத்திப் பழகிய நம் பெண்களுக்கு அந்தக் கலை யாரையும்விட நன்றாகத் தெரியும்.

கைப்பேசிக் குழுக்கள் இருக்க, நேரில் கூடுவது எதற்கு என்றும் கேட்கிறார்கள். இக்கேள்விக்கு அதிகம் செலவிட விரும்பவில்லை. அக்குழுக்களில் காலை வணக்கத்துக்கும் மருத்துவக் குறிப்புக்கும் இடையே ஒரு கவிதை வந்து விழும். கைகூப்பும் படங்கள் இருபது அதன்மேல் விழும். கவிதை மூச்சுத் திணறி மறையும். யாரும் அதை வாசித்துக் காட்டினார் என்று நான் கேள்விப்பட்டதில்லை.

நெகேமியா நூலின் எட்டாம் அதிகாரத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். தண்ணீர் வாயிலின் முன்னே எஸ்ரா விடியற்காலை முதல் நண்பகல்வரை வாசிக்கிறார், ஆண்களும் பெண்களும், புரிந்துகொள்ளக்கூடிய யாவரும் நின்று கேட்கின்றனர், லேவியர் பொருள் சொல்கின்றனர், மக்கள் அழுகின்றனர். அழாதீர்கள், போய்ச் சுவையானதை உண்டு, இனியதைக் குடித்து, இல்லாதவர்க்கும் அனுப்பி, மகிழ்ந்திருங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. வாசிக்கப்பட்டது திருச்சட்டம், கதையன்று, இதை நானே ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு மக்களினம் கூடி வாசித்தபின் அவர்களுக்கு இடப்பட்ட முதற் கட்டளை கருத்துத் தொகுப்பு எழுதுவதன்று, விருந்துண்பது என்பதை நம் கருத்தரங்க அமைப்பாளர்கள் குறித்துக்கொள்ளலாம்.

செய்யக்கூடியவை சிறியவை. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் நாம் கட்டிவருகிறோம்; நம் பணத்தில் நடக்கும் இடத்துக்குள் நுழைய யாரிடமும் அழைப்பிதழ் பெற வேண்டியதில்லை. ஞாயிறு திருப்பலி முடிவில் எத்தனையோ அறிவிப்புகள் வாசிக்கப்படுகின்றன. இந்த மாதம் கிளை நூலகத்தில் இன்ன நாள் இன்ன கதை வாசிக்கப்படுகிறது என்ற ஒரு வரியை அவற்றோடு சேர்க்கப் பங்குத்தந்தையர்க்கு அரை நிமிடம் ஆகும். அவர்களே வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்தால் இன்னும் நன்று. மாலை போடமாட்டார்கள் என்று நான் உறுதி கூறுகிறேன்.

எங்கள் வட்டத்தில் அடுத்த மாதம் தேம்பாவணியில் ஒரு படலம் வாசிக்கலாமா என்று கேட்டவர், நான் மேலே சொன்ன திருநீறணிந்த பெரியவர். நூல் யாரிடம் கிடைக்கும் என்று எல்லாரும் என் முகத்தைப் பார்த்தனர். பங்கு இல்லத்துக் கண்ணாடி அலமாரியில், வெள்ளி விழாக் கேடயங்களுக்குப் பின்னால், மூன்று காண்டங்களும் இருக்கின்றன, வெளியிலிருந்தே தெரிகின்றன. அலமாரியின் திறவுகோலை இரண்டு வாரமாகத் தேடிக்கொண்டிருக்கிறோம்.